ஈரல் நொதியத்தோடு பழகியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

அட்டனிலிருந்து:
பேராதனையில் இறுதியாண்டு ஆய்வுக்கு எனக்குக் கிடைத்தது குதிரை ஈரலின் அற்ககோல் டிஹைட்ரஜனேஸ். சாராயம் குடும்பங்களைத் தின்றதை லயத்தில் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தச் சாராயத்தை உடலில் முதலில் மாற்றும் நொதியம் இது என்றதும் வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை.

நொதியத்தின் எந்தப் பகுதி எதற்குத் தேவை என்று அறிய, குறிப்பிட்ட அமினோ அமிலத்தோடு சேரும் மருந்துகளைக் கொடுத்துப் பார்ப்பதுதான் ஆய்வு. முதலில் சிஸ்டீனோடு சேரும் அயடோஅசற்றேற்று சேர்த்தேன். நொதியம் வேலை செய்தால் 340 நனோமீற்றரில் ஒளியுறிஞ்சல் ஏறும். அன்று ஏற்றம் தளர்ந்துகொண்டே போய், மாலைக்குள் கோடு படுத்துவிட்டது. 374 அமினோ அமிலங்களில் 46ஆவதான சிஸ்டீன் ஒன்றைத்தான் அது பற்றியிருந்தது. வினை நடக்கும் நாக (துத்தநாக) அயனைப் பிடித்திருப்பவற்றில் அந்தச் சிஸ்டீனும் ஒன்று.

அடுத்து லைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேரும் இமிடேற்று. இதிலும் நொதியம் சாகும் என்றே நினைத்தேன். வேகம் கூடியது! குவளைகளைக் கழுவி மூன்று முறை திரும்பச் செய்தேன், அப்போதும் கூடியது. அமெரிக்காவில் பிளாப் என்ற ஆய்வாளர் 1970இலேயே இதைக் கண்டிருக்கிறார் என்று ஆசிரியர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

எனக்கு அது விளங்கியது அம்மாவின் கொழுந்துக் கூடையால். அம்மாவின் விரல்கள் வேகமானவை. பொழுது போவதோ மடுவத்தில், கூடையை இறக்கி நிறுக்கும் வரிசையில். இந்த நொதியமும் அற்ககோலிலிருந்து ஐதரசனைச் சட்டென்று பறித்துவிடுகிறது. அதைச் சுமக்கும் துணைநொதியத்தை இறக்கிவிடத்தான் நேரமெடுக்கிறது. இமிடேற்றுச் சேர்ந்து 228ஆம் இடத்து லைசின் மாறியதும் பிடி தளர்ந்து, சுமை விரைவில் இறங்குகிறது. துணைநொதியத்தை முன்பே நிரப்பி அந்த இடத்தை மறைத்துவைத்தால் இந்த மாற்றம் தடைப்படும்.

நுவரெலியாவிலிருந்து:
நான் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தேடி, அதோடு சேரும் டைஎதில் பைரோகாபனேற்றுப் போத்தலைக் குளிரூட்டியிலிருந்து எடுத்தவுடன் திறந்துவிட்டேன். ஈரக்காற்று உள்ளே படிந்து மருந்து செத்தது. ஒரு வாரம் வீண். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறவுங்கள். எதனோலில் (சாராயத்தில் உள்ள அற்ககோல்) கரைக்கவே கரைக்காதீர்கள். இந்த நொதியத்துக்கு அதுதான் தீனி.

தலவாக்கலையிலிருந்து:
எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் இல்லை. கோழி ஈரலில் ஐதரசன் பேரொட்சைட்டு ஊற்றி நுரையைக் காட்டுவேன். அது கற்றலேசு என்ற வேறொரு ஈரல் நொதியத்தின் வேலை. அவித்த ஈரலில் நுரை வராது. "எந்தப் பகுதி கெட்டது, சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவிப்பது நொதியத்தை முழுதாகக் குலைத்துவிடுவதால் அதை வைத்துப் பதில் சொல்ல முடியவில்லை. அட்டன் தங்கச்சி, அந்த மடுவத்துக் கதையை நாளை வகுப்பில் சொல்லட்டுமா?