மேட்டுக்காட்டில் பறவைகளுக்காகப் பழமரங்களும் புதர்களும்: எதை முதலில் நடுவது?

செம்மண்காடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காங்கேயம் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் உள்ளது. வெள்ளாமை நின்று பல ஆண்டுகளாகிவிட்டதால், ஒரு முதிர்ந்த வேம்பும் சில பனைகளும் போக மீதி இடமெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பழம் பறித்து விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. பறவைகளும் மரநாய், கீரி போன்ற சிறு விலங்குகளும் ஆண்டு முழுவதும் இரையும் ஒதுங்க இடமும் பெற வேண்டும் என்பதே விருப்பம். ஐப்பசி மழைக்கு ஆல், அத்தி, நாவல் கன்றுகளை நடலாம் என்றிருக்கிறேன். சுற்றிலும் ஆட்டுப்பட்டிகள் இருப்பதால் முள்கம்பி வேலி போடுவது நல்லதா? புதர் வளர்த்தால் மயில் பெருகித் தன் நிலக்கடலை போய்விடும் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் வருத்தப்படுகிறார். அவருக்கு என்ன சொல்வது?

கொறங்காட்டான்

ஐயா, கன்று வாங்கும் பணத்தை இந்த ஆண்டு வேலிக்குச் செலவிடுங்கள். வெள்ளாடு ஒரே ஒரு நாள் உள்ளே புகுந்தாலும் போதும், நட்டதில் குருத்து மிஞ்சாது. அதற்காகக் கம்பி வேலிக்குப் போக வேண்டியதில்லை. நம் பகுதிக் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி முள்கிளுவை வேலிதானே தலைமுறைகளாக நிற்கிறது? முற்றிய கிளுவைப் போத்துகளை (கிளைத் துண்டுகளை) நெருக்கமாக ஊன்றினால் அவை வேர்பிடித்துத் தழைக்கும். உயர்ந்து வரும் கிளைகளை வளைத்து ஒன்றோடொன்று பின்னிவிட்டால், சில ஆண்டுகளில் ஆடு தலை நுழைக்க முடியாத அடைப்பாகிவிடும். அதுவரை வெட்டிய இலந்தை முள்ளையும் வெள்வேல முள்ளையும் வேலியோரம் அடுக்கி வையுங்கள்.

வேலியின் உட்புறமாகச் சூரை, காரை, களா, சங்கஞ்செடி ஆகியவற்றைக் கலந்து நடுங்கள். நாம் வெட்டி எறிந்து பழகிய முட்செடிகள்தாம் இவை. ஆனால் தவிட்டுக்குருவிக் கூட்டம் வல்லூறைக் கண்டதும் பாய்ந்து ஒளிவது இந்த முட்களுக்குள்தான். சின்னான் கூடு கட்டுவதும் பெரும்பாலும் இத்தகைய புதர்களில்தான். உயரமான மரம் மட்டும் நின்றால் பறவை வரும், தின்னும், போய்விடும். அது தங்க வேண்டுமானால் அடியில் புதர் வேண்டும்.

கூடுதேடி

மேலே சொன்னதை ஏற்கிறேன்; மரத் தேர்வைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அத்தி ஆற்றோரத்து மரம். உங்கள் மேட்டில் அதற்கு ஆயுள் முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். நாவலை நடுவதானால், மழைநீர் வந்து தேங்கும் தாழ்ந்த மூலையில் மட்டும் நடுங்கள். ஆலும் அதன் இனத்தைச் சேர்ந்த இச்சியும் வறட்சியைத் தாங்கும்.

ஆலமர இனத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அவற்றின் காய்க்குள் மலரும் பூக்களில் மகரந்தம் சேர்க்கும் சிறுகுளவிகள் சில நாட்களே வாழ்பவை என்பதால், ஒரு வட்டாரத்தில் உள்ள மரங்கள் ஒரே பருவத்தில் பழுக்காமல் ஆளுக்கொரு காலத்தில் பழுக்கின்றன. வேம்பும் நாவலும் ஆனி, ஆடியோடு ஓய்ந்துவிட, மற்ற பழமே இல்லாத மாதத்தில் ஏதேனும் ஓர் ஆல் சிவந்து நிற்கும். குக்குறுவானும் குயிலும் பச்சைப்புறாவும் ஊரெல்லாம் சுற்றி அங்கே கூடுவது அதனால்தான். எனவே ஓர் ஆலும் இரண்டு இச்சியும் நட்டு, பனிக்காலத்துக்கு இலந்தையையும், கோடைக்குக் களாவையும் மூக்குச்சளிப் பழம் என்று பிள்ளைகள் சொல்லும் நறுவிலியையும் சேர்த்தால், ஆண்டில் பெரும்பகுதிக்கு ஏதாவது ஒரு பழம் இருக்கும்.

எல்லாவற்றையும் நீங்களே நட வேண்டியதும் இல்லை. காய்ந்த கிளைகளை ஆங்காங்கே ஊன்றி வையுங்கள். அவற்றில் வந்து அமரும் பறவைகளின் எச்சத்திலிருந்து வேம்பும் சூரையும் தாமாகவே முளைக்கும். உங்கள் பனைகளின் மட்டையிடுக்கைப் பாருங்கள், இப்போதே ஓர் ஆலங்கன்று அங்கே இருக்கக்கூடும். மற்றதை வளரவிடாமல் மண்டும் அயல்செடியான உண்ணிச்செடியும் இதே வழியில் வரும் என்பதால், அதை மட்டும் கண்டவுடன் பிடுங்கிவிடுங்கள்.

செம்மண்காடு

மிக்க நன்றி. அப்படியானால் சீமைக்கருவேலம் முழுவதையும் பொக்லைன் வைத்து ஒரே மூச்சில் எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கட்டுமா?

கொறங்காட்டான்

வேண்டாம். இன்றைய நிலையில் அங்குள்ள குருவிகளுக்கு அந்த முள்தான் வீடு. ஒரு பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வாருங்கள். எடுத்த இடத்தில் புதர் தழைத்த பிறகு அடுத்த பட்டைக்குப் போகலாம். தரையோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். காயைத் தின்ற ஆடுகள் புழுக்கையோடு விதையையும் போட்டுச் செல்வதால்தான் இது இத்தனை பரவுகிறது; வேலியை அடைத்துவிட்டால் புது முளைகள் தாமாகவே குறையும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரரின் வருத்தத்தைத் தள்ளிவிட முடியாது. கடலையை மயில் கிளறும், அது உண்மை. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை என்பதால் அவர் அதற்குத் தீங்கு செய்யவும் இயலாது. ஆனால் சீமைக்கருவேலப் புதரிலேயே மயில் ஏற்கெனவே தங்குகிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவர் வரப்பை ஒட்டி மட்டும் பத்து, பதினைந்து அடியைப் புதரின்றிப் புல்லாக விட்டுவிடுங்கள். கொழுக்கட்டைப் புல் விதைத்தால் அவருடைய மாட்டுக்கும் ஆகும், அறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.