பதின்மூன்றாம் நாளின் பதினெட்டுக் கிலோ: ஜாவாவில் எண் பட்டியல்களோடு நமக்கு நேர்ந்தவை

தொடக்கப் பதிவு: வார இறுதிக் கணினி வகுப்பு ஆசிரியை, சுங்கை சிப்புட்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில், சனிக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஜாவா என்னும் நிரல் மொழியைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலோர் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு மேற்படிப்புக்குக் காத்திருப்பவர்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெற்றோரின் பிள்ளைகள். தரவையும் அதற்கான செயல்களையும் ஒரே பொருளாகச் சேர்த்து எழுதும் பொருள்நோக்கு நிரலாக்கத்தைத் தொடங்கும்போது வழக்கமாகத் தரப்படும் மாணவர் மதிப்பெண் உதாரணத்தை விடுத்து, அவரவர் வீட்டில் கிடக்கும் ஏதேனும் ஓர் எண் வரிசையைக் கொண்டு வரும்படி இம்முறை கேட்டுக்கொண்டேன். ஒரு மாணவர் தம் பாட்டியின் பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்தார்.

பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த காலத்தில், பால் நிறுக்கும் ஸ்டோரில் கிராணி (தோட்டக் கணக்கர்) பதிந்துகொண்ட எடையைத் தாமும் அன்றன்றே எழுதி வைத்திருக்கிறார். வெட்டிக் கொண்டுவரும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் நீர் என்பதால், உலர்ந்த ரப்பராகக் கணக்கிட்ட கிலோதான் அந்த நோட்டில் இருந்தது. ஒரு மாதத்தின் 26 வேலை நாள்களுக்கு 26 எண்கள். மாணவர் அவற்றை ஓர் அரேலிஸ்ட்டில், அதாவது ஜாவாவின் நீளக்கூடிய பட்டியலில், ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தார். இருபதாம் நாளின் 12 கிலோவைத் தவறுதலாக இரண்டு முறை சேர்த்துவிட்டதால் பட்டியலில் 27 எண்கள் ஆகிவிட்டன. மிகுதியாகிவிட்ட அந்த 12-ஐ நீக்குவதற்கு ரிமூவ் என்று எழுதி, அடைப்புக்குள் 12 என்று கொடுத்தார். நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடியது. எண்ணிக்கையும் 26 என்று சரியாகவே வந்தது. நானும் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

அன்று மாலை அவர் மொத்தத்தை வீட்டில் வாசித்துக் காட்டியபோது, பாட்டி நோட்டை வாங்கி விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டு, “ஆறு கிலோ குறையுதய்யா” என்று சொல்லியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை அந்த ஆறு கிலோவைத் தேடுவதற்கே வகுப்பு முழுவதும் செலவாயிற்று. அதைப் போன்ற ஒரு நல்ல வகுப்பு எனக்கு இதுவரை அமைந்ததில்லை.

நேர்ந்தது இதுதான். அரேலிஸ்ட்டில் ரிமூவ் என்ற ஒரே பெயரில் இரண்டு செயல்கள் இருக்கின்றன. ஒன்று இடத்தைக் கேட்கிறது. மற்றொன்று பொருளை, அதாவது பட்டியலில் இருக்கும் மதிப்பையே, கேட்கிறது. வெறும் 12 என்று கொடுத்தால் அது இன்ட் வகை, அதாவது பொருளாக்கப்படாத வெறும் முழு எண். ஆகவே ஜாவா இடத்தைக் கேட்கும் செயலையே தேர்ந்தெடுக்கிறது. இடங்கள் 0 முதல் எண்ணப்படுவதால் 12 என்பது பதின்மூன்றாம் இடம். பதின்மூன்றாம் நாள் பாட்டி வெட்டியது 18 கிலோ. 12 போக வேண்டிய இடத்தில் 18 போய்விட்டதால் ஆறு கிலோ குறைந்தது. பட்டியல் பத்து எண்களோடு சிறியதாக இருந்திருந்தால், அப்படியோர் இடமே இல்லை என்று நிரல் நின்றுபோய் எங்களைக் காப்பாற்றியிருக்கும். பட்டியல் நீளமாக இருந்ததே எங்களை ஏமாற்றியது.

1998-இல் வெளிவந்த ஜாவா 1.2-இல் அரேலிஸ்ட் அறிமுகமானபோது இந்தக் குழப்பத்துக்கு அவ்வளவு இடமில்லை. வெறும் எண்ணை அப்படியே பட்டியலில் போட முடியாது, இன்டிஜர் என்னும் பொருளாக நாமே ஆக்கிப் போட வேண்டியிருந்தது. 2004-இல் வந்த ஜாவா 5 அந்த வேலையைத் தானே செய்யத் தொடங்கியது. அது பெரிய வசதிதான்; ஆனால் எண் எங்கே எண்ணாக இருக்கிறது, எங்கே பொருளாக மாறுகிறது என்பது கற்பவரின் கண்ணுக்கு மறைந்துபோனதும் அப்போதிருந்துதான். பைத்தான் என்னும் மற்றொரு நிரல் மொழியில் மதிப்பை நீக்க ரிமூவ், இடத்தைக் கொண்டு எடுக்க பாப் என்று வெவ்வேறு பெயர்கள் இருப்பதால், அங்கிருந்து வரும் பிள்ளைகள் இதில் இன்னும் எளிதாக விழுகிறார்கள்.

இன்டிஜர் வேல்யூஆஃப் என்று எழுதி 12-ஐப் பொருளாக்கிக் கொடுத்தோம். மொத்தம் சரியாக வந்தது. மாணவர் அதைப் பாட்டியிடம் மறுபடியும் காட்டியிருக்கிறார். இந்த முறை அவர் மொத்தத்தைப் பார்க்கவில்லை. நாள் நாளாகப் பார்த்துக்கொண்டு வந்து, மழை பிடித்துக்கொண்டதால் ஏழு கிலோவோடு திரும்பியது பதினோராம் நாள், இதில் பத்தாம் நாள் என்று வருகிறதே என்று கேட்டாராம்.

அவர் சொன்னதே சரி. பொருளைக் கேட்கும் ரிமூவ், முதலில் கண்ணில் படும் 12-ஐ நீக்கிவிடும். நான்காம் நாளின் எடையும் 12 கிலோதான். அது போனதும், ஐந்தாம் நாளிலிருந்து இருபதாம் நாள் வரை ஒவ்வோர் எடையும் ஓர் இடம் முன்னால் நகர்ந்துவிட்டது. கூட்டுத்தொகை சரி, மாதம் தவறு. அந்த இடத்தில்தான், ஒரு நாளின் தேதியையும் எடையையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் தனி கிளாஸ் (பொருளின் வார்ப்பு) எதற்கு என்று நான் விளக்க வேண்டிய தேவையே இல்லாமற்போயிற்று. பிள்ளைகளே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வெறும் எண்களின் பட்டியல் போய், நாள் பதிவுகளின் பட்டியல் வந்தது. நீக்குவதும் தேதியைக் கொண்டே என்றாயிற்று.

எண் பட்டியல்களோடு உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள். சிறியது என்று விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி: செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் பணிபுரிபவர்

ஆசிரியைக்கு வணக்கம். இடமும் மதிப்பும் மாறியது உங்கள் அனுபவம். என்னுடையதில் மதிப்பு ஒன்றாகவே இருந்தும் நிரல் வேறென்று சொன்னது.

மாலை நேரத்தில் ஜாவா படித்துக்கொண்டிருந்தபோது, செம்பனைக் குலை வெட்டியவர் சொல்லும் கணக்கையும் மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) எழுதிய குலைக் கணக்கையும் இரண்டு பட்டியல்களாக வைத்து, ஒவ்வோர் ஆளுக்கும் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் ஒரு சிறு நிரலைப் பயிற்சிக்காக எழுதினேன். இரட்டைச் சமக்குறி (==) போட்டு ஒப்பிட்டேன். 95, 110, 127 என்று வந்தவை எல்லாம் ஒத்துப்போயின. 130, 142 என்று வந்தவை ஒத்துப்போகவில்லை என்று நிரல் அடித்துச் சொன்னது. திரையில் இரண்டு பக்கமும் 142 என்றே தெரிகிறது. நிரல் மட்டும் இல்லை என்கிறது. இரண்டு இரவுகள் என் தட்டச்சையே சந்தேகித்துக் கொண்டிருந்தேன். நிறைய வெட்டியவர்கள் மட்டும் பொய்க் கணக்குக் கொடுத்ததைப் போல் அந்தப் பட்டியல் காட்டியது எனக்கு மிகவும் உறுத்தலாக இருந்தது, ஏனென்றால் என் அப்பாவும் அதிகக் குலை வெட்டுகிறவர்தான்.

காரணத்தைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். பட்டியலில் இருப்பவை இன்டிஜர் பொருள்கள். இரட்டைச் சமக்குறி, பொருள்களைப் பொறுத்தவரை, இரண்டும் ஒரே பொருளா என்றுதான் கேட்கிறது; ஒரே மதிப்பா என்று கேட்பதில்லை. -128 முதல் 127 வரையுள்ள எண்களை ஜாவா தானே பொருளாக்கும்போது, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பத் தருகிறது. அதனால் அந்த எல்லைக்குள் தவறான கேள்விக்கும் சரியான விடை வந்துவிடுகிறது. 128-லிருந்து வழக்கமாகப் புதுப்புதுப் பொருள்கள் உருவாவதால் விடை மாறிவிடுகிறது. மதிப்பை ஒப்பிடும் ஈக்வல்ஸ் என்று எழுதியதும் எல்லாம் ஒத்துப்போயிற்று. கற்றுக்கொடுப்பவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: பயிற்சிக்கு 3, 5, 7 என்று சிறிய எண்களை மட்டும் கொடுக்காதீர்கள், ஒன்றிரண்டாவது இருநூறுக்கு மேல் இருக்கட்டும்.

மறுமொழி: டிப்ளோமா இரண்டாம் ஆண்டு மாணவர்

என்னுடையது சிறியது. ஒரு வாரத்தின் அன்றாட விலை மாற்றங்களைப் பட்டியலிட்டு, அதிக ஏற்றம் எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அதிகபட்சம் என்பதை 0-வில் தொடங்கினேன். அந்த வாரம் முழுவதும் விலை இறங்கியே இருந்ததால் எல்லா மாற்றங்களும் எதிர்ம எண்கள்; பட்டியலிலேயே இல்லாத 0-வை என் நிரல் விடையாகக் கொடுத்தது. இப்போது பட்டியலின் முதல் எண்ணிலிருந்து தொடங்குகிறேன். பட்டியல் காலியாக இருந்தால் முதல் எண்ணே இராது என்பதால் அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்கிறேன்.

மறுமொழி: மென்பொருள் நிறுவன ஊழியர், சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவர்

ஆசிரியை அவர்களே, நாள் பதிவு என்று தனி கிளாஸ் செய்ததோடு நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பட்டியல் யாருடைய கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். நான் தொடக்கத்தில் எழுதிய ஒரு கிளாஸ், பட்டியலைப் பிரைவேட், அதாவது வெளியிலிருந்து தொட முடியாதது, என்று பூட்டி வைத்துவிட்டு, கேட்பவர்களுக்கு அந்தப் பட்டியலையே எடுத்துக் கொடுத்தது. இன்னொருவர் எழுதிய பகுதி, நடு மதிப்பைக் கண்டுபிடிப்பதற்காக அதை வாங்கி ஏறுவரிசையில் அடுக்கியது. அவர் நகலை அடுக்குவதாகத்தான் நினைத்தார். உண்மையில் என் பட்டியலே அடுக்கப்பட்டு, நாள் வரிசை முழுவதும் கலைந்துபோயிற்று. பிரைவேட் என்ற சொல் மாறியின் பெயரைத்தான் மறைக்கிறது; பட்டியலை வெளியே கொடுத்தபின் அதைக் காக்காது.

தோட்டத்தில் ஆள்களின் வருகையும் வேலையும் பதியும் செக்ரோல் புத்தகத்தைக் கிராணி யாரிடமும் தூக்கிக் கொடுக்கமாட்டார். கேட்டால் எடுத்துப் படித்துச் சொல்வார், அல்லது ஒரு தாளில் எழுதித் தருவார். அந்த வழக்கமே இங்கும் பொருந்தும். புதிய அரேலிஸ்ட் ஒன்றில் நகலெடுத்துக் கொடுக்கலாம். மாற்ற முடியாத பட்டியலாகச் சுற்றியும் கொடுக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் பதிவுகளின் எடையை மாற்றக்கூடியதாக விட்டுவைத்தால், நகலெடுத்தும் பயனில்லை. நகலிலும் மூலத்திலும் இருப்பவை அதே பதிவுகள்தாம்.

தொடக்கப் பதிவு எழுதிய ஆசிரியை

கடைசியாக எழுதியவர் சொன்னதைச் சென்ற சனிக்கிழமையே செய்து பார்த்தோம். நாள் பதிவில் தேதியும் எடையும் உருவாகும்போது மட்டுமே பெறப்படும். அதன்பின் மாற்ற வழியில்லை. எடை திருத்த வேண்டுமானால் அந்தத் தேதியின் பதிவை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்க்க வேண்டும். செம்பனைக் கணக்கு எழுதியவரின் வேண்டுகோளுக்காக, மாத மொத்தங்களை ஒப்பிடும் ஒரு பயிற்சியையும் சேர்த்தேன். அவை எல்லாம் முந்நூறுக்கு மேல் உள்ளவை. பதினொரு பிள்ளைகளில் ஏழு பேர் இரட்டைச் சமக்குறியே போட்டிருந்தார்கள்.

பாட்டி இப்போது அடுத்த நோட்டையும் கொடுத்திருக்கிறார். அதில் சில நாள்களுக்கு எடையே எழுதப்படவில்லை. வெறும் கோடு இழுத்திருக்கிறார். அந்தக் கோட்டுக்கு 0 போடுவதா, அந்த நாளைப் பட்டியலில் சேர்க்காமலே விடுவதா என்று பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 0 போட்டால் சராசரி இறங்கிவிடும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் கோடு மழையா, காய்ச்சலா, விடுமுறையா என்று பாட்டியிடம் கேட்டு வரும்படி அந்த மாணவரை அனுப்பியிருக்கிறேன்.