பேட்டரி மாத்துனதுல இருந்து ஐடில்ல வண்டி ஆஃப் ஆகுது, உதவுங்க

வணக்கம் நண்பர்களே, அப்பாவோட பெட்ரோல் கார், 2014 மாடல், ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. பழைய பேட்டரி படுத்துருச்சுன்னு அதே ஆம்பியர்ல புதுசு போட்டோம், டெர்மினல் எல்லாம் டைட்டா தான் இருக்கு. ஸ்டார்ட்டிங் சூப்பர், ஆனா அன்னையில இருந்து ஐடில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடுறது) நிக்கவே மாட்டேங்குது, முன்னாடி 750 ஆர்பிஎம்ல ஆடாம நின்ன முள்ளு இப்ப 500க்கு இறங்கி 1200க்கு ஏறி மறுபடி இறங்குது, ஏசி போட்டுட்டு சிக்னல்ல கிளட்ச் மிதிச்சா அப்படியே ஆஃப் ஆயிடுது. ஓடுறப்ப ஒரு குறையும் இல்ல, செக் இன்ஜின் லைட்டும் வரல. மல்டிமீட்டர்ல பாத்தா 14.1 வோல்ட் சார்ஜ் ஆகுது, அதனால ஆல்டர்னேட்டர் மேல எனக்கு சந்தேகம் இல்ல.

நான் நினைக்கிறது என்னன்னா, த்ராட்டில் பாடில (இன்ஜினுக்குள்ள போற காத்த கட்டுப்படுத்துற வால்வு இருக்குற பாகம்) கார்பன் படியப் படிய ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், அதுக்கேத்த மாதிரி வால்வை கொஞ்சம் கூடுதலா திறந்து பழகியிருக்கும், பேட்டரிய கழட்டுனதும் அந்த மெமரி போயி புது வண்டி அளவுக்கே திறக்குது, ஆனா அழுக்கு அப்படியே இருக்கு, காத்து பத்தல. மெக்கானிக் சென்சார் மாத்தணும்ங்கிறாரு, ஸ்கேன் பண்ணாமலே சொல்றதால மனசு ஒப்பல.

இதே பிரச்சனைய சரி பண்ணவங்க சொல்லுங்க: க்ளீனர் போட்டு தொடச்சிட்டு ஐடில் ரீலேர்ன் (ஈசியூவுக்கு ஐடில மறுபடி பழக்குறது) நம்மளே பண்ணலாமா, இல்ல ஸ்கேனர் கட்டாயம் வேணுமா? இது எலக்ட்ரானிக் த்ராட்டில், கேபிள் கிடையாது, தொடைக்கிறப்ப அந்த ஃப்ளாப்ப (வால்வு தகட்ட) விரலால தள்ளுனா மோட்டார் கியர் போயிடுமா? அப்பாவுக்கு வயசாச்சு, மெயின் ரோட்டுல நடுவுல நின்னா ரொம்ப சிரமம், அதனால வண்டிய எடுக்க வேணாம்னு சொல்லி வச்சிருக்கேன், சீக்கிரம் பதில் போடுங்க ப்ளீஸ்.