மூன்று மாதம் வெயிட் தூக்கியும் 800 கிராம்தான் குறைந்திருக்கிறது. விட்டுவிட்டு ஓடப் போகலாமா?

கியூசி_திருப்பூர்:

வணக்கம்ங்க. வயது 39, உயரம் 170 செ.மீ. பனியன் கம்பெனியில் கியூசி வேலை, அதாவது தைத்த துணியில் அளவும் தரமும் பார்ப்பது. மே மாதம் ஜிம்மில் சேரும்போது 84 கிலோ இருந்தேன். இன்று காலை 83.2. வாரம் நான்கு நாள், விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து போனதற்குக் கிடைத்தது 800 கிராம். மாதம் 1,200 ரூபாய் கட்டுகிறேன். வீட்டுக்காரி கணக்குப் போட்டு, "கிராம் நாலரை ரூபாய். பரவாயில்லை, வெள்ளியைவிட மலிவுதான்" என்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பையன் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு தினமும் ஓடினான். இரண்டே மாதத்தில் 7 கிலோ போய்விட்டது.

எனக்குத் தொப்பை குறைய வேண்டும், கை தோளில் கொஞ்சம் சதை பிடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது, முதலில் இளைத்துவிட்டு அப்புறம் வெயிட்டைத் தொடு என்கிறார்கள் நண்பர்கள். ஜிம் மாஸ்டரோ புரோட்டீன் டப்பா வாங்கச் சொல்கிறார். அதைக் கேட்டால் கிட்னி போய்விடும் என்கிறார் அம்மா.

செய்வது: 5 கிலோ டம்பெல்லில் கைக்கு, தோளுக்கு இருபது இருபதாக மூன்று செட், கொஞ்சம் மெஷின், கடைசியில் வயிற்றுக்கு 100 கிரஞ்ச் (மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்கி இறக்குவது). சாப்பாடு: காலை 4 இட்லி, மதியம் சாதம், சாம்பார், ரசம், தயிர், நாலு மணிக்கு டீயும் இரண்டு பஜ்ஜியும், இரவு 3 சப்பாத்தி, குருமா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி. நான் எங்கே தப்பு செய்கிறேன்?

லேத்_பட்டறை_சேலம்:

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். பேன்ட் எப்படி இருக்கிறது? இடுப்பளவு எடுத்தீர்களா? எடை மெஷினுக்குக் கொழுப்பு, தசை, தண்ணீர், நேற்று இரவு தின்ற உப்பு எல்லாம் ஒன்றுதான். புதிதாக வெயிட் தூக்குகிறவருக்கு, அதுவும் தொப்பை உள்ளவருக்கு, கொழுப்பு இறங்குவதும் தசை ஏறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். பல வருடம் தூக்கி ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவருக்குத்தான் அது கஷ்டம். இரண்டும் சேர்ந்து நடக்காது என்று நண்பர்கள் சொன்னது அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பொருந்தும்.

ஓடி இளைத்தவன் கதை என்னிடமும் உண்டு. 41 வயதில் ராத்திரி வெறும் வெள்ளரிக்காயும் காலையில் ஓட்டமுமாக ஐந்து மாதத்தில் 12 கிலோ குறைத்தேன். கன்னம் ஒட்டிப்போய், கல்யாண வீட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னப்பா, சுகரா?" என்று கேட்டார்கள். தொப்பை மட்டும் குட்டியாக அப்படியே இருந்தது. கொழுப்போடு தசையும் போயிருந்ததுதான் காரணம். அடுத்த தீபாவளிக்குள் 14 கிலோ திரும்பி வந்தது, வட்டியோடு.

உங்கள் தப்பு வேறு. மே மாதம் 5 கிலோ, ஆகஸ்டிலும் 5 கிலோ. இருபது முறை தூக்கியும் மூச்சு வாங்கவில்லை என்றால் தசைக்கு வளர வேலையே இல்லை. ஸ்குவாட் (கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்வது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி மார்பிலிருந்து மேலே தள்ளுவது), ரோ (குனிந்து வயிற்றை நோக்கி இழுப்பது), தலைக்கு மேல் தூக்குகிற பிரஸ், இந்த ஐந்தையும் வாரம் மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் மூன்று செட். செட்டுக்கு எட்டு முறையில் தொடங்குங்கள், மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்த பிறகு இரண்டரை கிலோ ஏற்றுங்கள். பெரிய கம்பியே 20 கிலோ. முதல் இரண்டு வாரம் அதில் பிளேட் மாட்ட வேண்டாம். செட் முடியும்போது இன்னும் இரண்டு தூக்கலாம் என்கிற இடத்தில் நிறுத்துங்கள்.

நான் 40 பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். கிரீஸ் கை பட்டு அட்டையே கறுத்துப்போச்சு. போன வாரம் எழுதிய எண்ணைவிட இந்த வாரம் ஒன்றாவது கூட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கிரஞ்ச் 100 போட்டால் வயிற்றுத் தசை பலமாகும், மேலே இருக்கிற கொழுப்பு அதனால் தனியாகக் கரையாது.

காலை_நடை_61:

இந்த வயதில் எதற்கு ரிஸ்க்? நான் பத்து வருடமாக தினமும் 5 கிலோமீட்டர் நடக்கிறேன், சுகர் கட்டுக்குள் இருக்கிறது. வெயிட் எல்லாம் இருபது வயதுப் பசங்களுக்கு. முதுகு பிடித்துக்கொண்டால் யார் பார்ப்பது?

வார்டு_அக்கா_திருச்சி:

நடையை விடாதீர்கள் ஐயா, அது நல்லதுதான். ஆனால் வயது ஏற ஏறத்தான் வெயிட் தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலிலேயே நடை மாதிரியான பயிற்சியோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி என்று இருக்கிறது, 65 தாண்டியவர்களுக்கும் சேர்த்துத்தான். நான் நர்ஸ். வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து வருகிற பெரியவர்கள் பலருக்கு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாது, தொடை அப்படி வற்றியிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் 49 வயதில் நானே ஸ்குவாட் போட ஆரம்பித்தேன். இப்போது 35 கிலோ வைத்துப் போடுகிறேன். நைட் டூட்டி வாரத்தில் மட்டும் ஏற்றுவதில்லை, தூக்கம் கெட்டால் உடம்பு ஒத்துழைக்காது.

திருப்பூர் தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள்: நல்ல கிட்னிக்குப் புரதத்தால் கெடுதல் வராது. சுகரோ பிரஷரோ இருந்தால், ஏற்கெனவே கிட்னிப் பிரச்சினை இருந்தால், கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டு டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டினேன். இட்லி ஒன்றுக்கு 2 கிராம் புரதம்தான். எல்லாம் சேர்த்து 45, 50 கிராம் தேறும். வெயிட் தூக்குகிறவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பயன்படும். உங்களுக்கு 110, 120 போதும். டப்பா கட்டாயமில்லை. காலையில் இட்லியைக் குறைத்து மூன்று முட்டை, அதில் 18. மாலை பஜ்ஜிக்குப் பதில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல், அதில் 12, 13. இரவு 150 கிராம் சிக்கன், அதில் 30க்கு மேல். மதியம் சாதம் ஒரு கரண்டி குறையட்டும். பட்டினி வேண்டாம், ஒரு நாளைக்கு 300 கலோரி குறைந்தால் போதும்.

கியூசி_திருப்பூர்:

அக்கா, அண்ணா, சிரிக்காதீர்கள். நாள் முழுக்க இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுற்றுகிறவன் நான். டி-ஷர்ட்டில் செஸ்ட் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் பீஸைத் திருப்பிவிடுவேன். என் இடுப்பை மட்டும் அளக்கவே இல்லை.

மே மாதம் யூனிஃபார்முக்கு அளவெடுத்த சீட்டு டைலரிடம் இருந்தது. தொப்புள் நேரே 40 இஞ்ச். இன்று மதியம் அதே டைலரை அதே இடத்தில் அளக்கச் சொன்னேன். 38 கால். அவர் நம்பாமல், வயிற்றை எக்காதே என்று அதட்டி இன்னொரு தடவை அளந்தார். அதே 38 கால்தான்.

காலையில் கம்பியோடு ஸ்குவாட் போட்டேன், எட்டு எட்டாக மூன்று செட். இப்போது மாடியில் கட்டிங் செக்‌ஷனுக்கு ஏறவே கைப்பிடி தேவைப்படுகிறது. ஒரு சந்தேகம்: புரட்டாசி வருகிறது, எங்கள் வீட்டில் முட்டையும் கிடையாது. அந்த ஒரு மாதம் என்ன செய்ய?

லேத்_பட்டறை_சேலம்:

கால் வலி நாளைக்கு இன்னும் கூடும், இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். புரட்டாசிக்கு மீல் மேக்கர் இருக்கே. காய்ந்தது 50 கிராமில் 25 கிராம் புரதம். சுடுதண்ணீரில் ஊறவைத்து இரண்டு முறை நன்றாகப் பிழிந்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பச்சை வாடை போகாது. அப்புறம் மிளகு, சோம்பு அரைத்து, சின்ன வெங்காயத்தோடு சுக்கா மாதிரி வறட்டுங்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை அதுதான்.