ஏரிக்கரையில் கொட்டிய சாம்பலை என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் வணக்கம். பொன்னேரிப் பக்கம் எங்கள் ஊர். போன வாரம் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ ஏரிக்கரையில் ஏழெட்டு லாரி நிலக்கரிச் சாம்பலைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். யாருடைய வண்டி என்று தெரியவில்லை. கையில் எடுத்தால் முகப்பவுடர் மாதிரி அவ்வளவு நைஸ். காற்றடித்தால் கொடியில் காயும் துணியெல்லாம் சாம்பல் நிறம். தண்ணீர் ஓரத்தில் ஆடை கட்டினது போல வெள்ளையாக ஒரு படலம் மிதக்கிறது. மாடுகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன.

இதில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், மழையில் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கும் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அடுத்த மழைக்குள் அள்ளியாக வேண்டும். அதுவரை தார்ப்பாய் போட்டு மூடலாம் என்று இருக்கிறோம். சுற்றி மண் வரப்பு கட்டினால் போதுமா?

சாம்பல் செங்கல், சிமென்ட் செய்கிறவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: ஈரமும் மண்ணும் கலந்த சாம்பலை எடுப்பீர்களா? ஏரித் தண்ணீரில் ஈயம், பாதரசம் மாதிரி கன உலோகம் பார்க்க எந்த ஆய்வகத்துக்குப் போவது, மாதிரியை எப்படிப் பிடிப்பது? நிலக்கரி எரிக்கும் அனல் மின் நிலையங்கள் தங்கள் சாம்பலை முழுக்கப் பயன்படுத்த வேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்திய அரசு அறிவிக்கை போட்டிருக்கிறது. அதைக் காட்டி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனு கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மனு எழுதிய விதத்தைச் சொன்னால் பெரிய உதவி. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கும் போகிறோம். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். வேறென்ன கொண்டு போக வேண்டும்?