ஆடிப்பெருக்குக்கு ஆத்தங்கரை ஆர்வி பார்க்: புக் பண்றதுக்கு முன்னாடி

கேள்வி (திருவையாறு, இப்போ டாலஸ்):
ஆடிப் பதினெட்டுக்கு அப்பா அம்மா இங்கே இருப்பாங்க. 25 அடி ஆர்வி வண்டி (உள்ளேயே படுக்கை, அடுப்பு, டாய்லெட் இருக்கிறது) வாடகைக்கு எடுத்து, அந்த மாதிரி வண்டிகளை நிறுத்தித் தங்குற ஆர்வி பார்க் ஒண்ணுல, ஆத்தங்கரையா, மூணு ராத்திரி தங்கலாம்னு இருக்கோம். சித்ரான்னம் வண்டியிலேயே கிளறணும். படத்துல எல்லா பார்க்கும் ஒரே மாதிரிதான் தெரியுது. எதை வச்சு முடிவு பண்றது?

பதில் (கும்பகோணம், இப்போ ஹூஸ்டன்):
தம்பி, முதல்ல அந்த ஆத்தங்கரை ஆசையைப் பத்திப் பேசிடுவோம். நம்ம ஊர்ல ஜூன் 12ல் மேட்டூரைத் திறந்தா கல்லணைக்குத் தண்ணி வந்து சேர மூணு நாலு நாள் ஆகும். அந்தப் பழக்கத்துல டெக்சாஸ் மலைப்பக்கத்து ஆறுகளை நம்பிடாதீங்க. அங்கே சுண்ணாம்புப் பாறை மேல மெல்லிசா மண்ணு, அவ்வளவுதான். பெய்யற மழை ஊறாம நேரா ஆத்துல இறங்கும். 2025 ஜூலை 4 விடியக்காலையில குவாடலூப்பே ஆறு 45 நிமிஷத்துல 26 அடி ஏறுச்சு. கரையில நின்ன ஆர்வி வண்டிகளையும் அடிச்சிக்கிட்டுப் போச்சு.

பார்க்கோட முகவரியை ஃபீமாவோட (அமெரிக்க அரசின் பேரிடர் அமைப்பு) வெள்ள வரைபடத்துல போட்டுப் பாருங்க. 'ஏ' அல்லது 'ஏஇ' மண்டலம்னு வந்தா வெள்ள அபாயம் அதிகம்னு அர்த்தம், வேற இடம் பாருங்க. ஆபீசுக்குப் போன் பண்ணி, "ராத்திரி தண்ணி ஏறினா யார் வந்து எழுப்புவாங்க, மேட்டுக்குப் போற ரோடு எது"ன்னு கேளுங்க. பதில் தடுமாறினா விட்டுடுங்க. தரைப்பாலத்தைத் தாண்டித்தான் வெளியே வர முடியும்னா அதுவும் வேண்டாம். ரெண்டடி ஓடுற தண்ணி பெரும்பாலான வண்டியை இழுத்துடும். செல் சிக்னல் இல்லாத இடத்துக்கு வானிலை எச்சரிக்கை சொல்ற நோவா வெதர் ரேடியோ ஒண்ணு வாங்கிக்குங்க.

டாலஸ்ல இருந்து கிட்டவே டெக்ஸோமா மாதிரி அணைக்கட்டு ஏரிகள் இருக்கு. பெரியவங்களோட போறப்ப மலையாத்தங்கரையை விட ஏரிக்கரை மேடுதான் என் தேர்வு. அங்கே ஆர்மி கோர் (ராணுவப் பொறியாளர் பிரிவு) நடத்துற கேம்ப்கிரவுண்டுகளுக்கு புக்கிங் ரெக்ரியேஷன்.கவ் தளத்துல பெரும்பாலும் ஆறு மாசம் முன்னாடி திறக்கும். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2, 3 வாக்கில வரும், அப்போ பிப்ரவரியிலேயே பாக்கணும். டெக்சாஸ் ஸ்டேட் பார்க்னா அஞ்சு மாசம்.

அடுத்தது கரண்ட். வாடகைக்குக் கிடைக்கிற 25 அடி வண்டி அநேகமா 30 ஆம்ப். 120 வோல்ட்ல அது மொத்தம் 3600 வாட். ஏசி 1500, இண்டக்ஷன் 1800. ரெண்டும் ஓடும்போது மைக்ரோவேவைத் தட்டின நொடி பிரேக்கர் விழுந்துடும். 50 ஆம்ப் இடத்துக்கு அதிகம் கொடுத்தாலும், அடாப்டர் போட்டுச் சொருகினா வண்டிக்குள்ள 30க்கு மேல வராது, காசுதான் வீண். அதை விட பார்க்கோட வோல்டேஜ் முக்கியம். ஆகஸ்ட் மத்தியானம் எல்லா வண்டியும் ஏசி போடும்போது பழைய ஒயரிங்ல 104 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினா கம்ப்ரசர் சூடாகிப் போகும். போன கோடையில எழுதின ரிவ்யூல 'லோ வோல்டேஜ்'னு தேடுங்க. லோ வோல்டேஜுக்குத் தானா கட் பண்ற சர்ஜ் ப்ரொடெக்டரா வாங்குங்க. பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டுத்தான் சொருகணும், பிடுங்கணும்.

சாட்டிலைட் படத்தையும் பாத்துடுங்க. பக்கத்துல ரயில்வே கேட் இருந்தா ராத்திரி பூரா ஹாரன்தான். மேற்குப் பக்கம் மரம் நிக்கிற இடம்னா ஏசி கொஞ்சம் மூச்சு விடும். புதுசா ஓட்டுறீங்கன்னா ரிவர்ஸ் எடுக்காம நேரா நுழைஞ்சு நேரா வெளியேற 'புல் த்ரூ' இடமா கேளுங்க.

பதில் (மன்னார்குடி, இப்போ ஆஸ்டின்):
அண்ணன் சொன்னதோட, சாக்கடை இணைப்பையும் பாருங்க. நம்ம வீட்ல தண்ணி ஊத்திக் கழுவுறதால பிளாக் டேங்க் (வண்டியோட டாய்லெட் கழிவுத் தொட்டி) சீக்கிரம் ரொம்பிடும். அதனால கரண்டும் தண்ணியும் மட்டும் உள்ள இடத்தை விட, சாக்கடை இணைப்பும் சேர்ந்த ஃபுல் ஹூக்கப் தேவலை. ஆனா குழாயை மாட்டிட்டோமேன்னு பிளாக் வால்வைத் திறந்தே வைக்கக்கூடாது. தண்ணி மட்டும் ஓடிப்போய், கெட்டியானது அடியில தங்கி, வத்தின வாய்க்கால் வண்டல் மாதிரி பாளமா இறுகிடும். முக்கால்வாசி ரொம்பட்டும். அப்புறம் பிளாக்கைத் திறந்து விட்டு, அது காலியானதும் கிரே டேங்கை (சிங்க், குளியல் தண்ணி சேருறது) திறங்க. சோப்புத் தண்ணி குழாயைக் கழுவிவிடும்.

தண்ணிக் குழாய்ல அழுத்தத்தைக் குறைக்கிற ரெகுலேட்டரை பார்க் டேப்லயே மாட்டுங்க, 40 முதல் 50 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். வண்டிப் பக்கம் மாட்டினா நடுவுல இருக்கிற ஹோஸ் வெடிக்கும்.

சமையலை கேஸ் அடுப்புல வச்சுக்குங்க. தாளிக்கிறப்ப மேல உள்ள ஃபேனைப் போட்டு ஜன்னலைத் திறங்க, இல்லன்னா ஸ்மோக் அலாரம் கத்தும். எண்ணெயை சிங்க்ல ஊத்தாம காகிதத்துல துடைச்சு எடுங்க. ஊர் மிக்ஸி 230 வோல்ட், இங்கே முனகும், அரைக்காது. தேங்காயைத் துருவி, புளிக்காய்ச்சலை வீட்லயே காய்ச்சிக் கொண்டு போயிடுங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. அக்கா, காதோலை கருகமணியை ஏரியில விடலாமா?

பதில் (மன்னார்குடி, இப்போ ஆஸ்டின்):
வேண்டாம்மா. தாம்பாளத்துல ஏரித் தண்ணியை மொண்டு வச்சு, அதுல விட்டு, பூஜை முடிஞ்சதும் எடுத்து வந்துடுங்க. கற்பூரம் ஏத்துறதுக்கு முன்னாடி, அந்தக் கவுண்டியில (மாவட்டத்துல) வெளியில நெருப்பு மூட்டத் தடை இருக்கான்னு ஆபீஸ்ல கேட்டுக்குங்க. கோடையில அடிக்கடி போடுவாங்க.