மேற்படிப்பா, கைவேலையா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டேன். அடுத்து இரண்டு வருட முதுநிலைப் படிப்பில் சேர்வதா, இல்லை சிஎன்சி இயந்திரத்தில் (கணினி புரோகிராம்படி உலோகத்தை வெட்டும் இயந்திரம்) வேலை பழகுவதா என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன்.

ஆராய்ச்சி, கல்லூரியில் பாடம் எடுப்பது என்றால் முதுநிலை வேண்டும், அது தெரியும். ஆனால் என் மனது பட்டறைப் பக்கம்தான் போகிறது. புரோகிராமில் ஜி00 என்ற கட்டளை வந்தால் வெட்டும் டூல் வேகமாக நகரும், ஜி01 என்றால் நாம் கொடுத்த வேகத்தில் நேர்கோட்டில் வெட்டும், இதெல்லாம் பரீட்சையில் எழுதிவிடலாம். ஆனால் கம்பியைச் சக்கில் (இயந்திரத்தின் பிடிப்பானில்) பிடித்து, டூல் ஆஃப்செட் (டூலின் நிலைக்கான திருத்த அளவு) போட்டு, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்து, விட்டம் 0.02 மி.மீ. கூடுதலாக வந்தால் எதைத் திருத்துவது என்பது இயந்திரத்தின் முன்னால் நின்று பழகினால்தான் வரும் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கோ, இப்போது விட்டால் அப்புறம் படிக்கவே மாட்டேன் என்ற பயம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, சம்பளம் வர ஆரம்பித்த பிறகு திரும்பவும் வகுப்பில் உட்காருவது லேசான காரியமில்லை.

முதலில் வேலை பழகிவிட்டு, பிறகு படிக்கப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்த அனுபவம் படிப்பில் கைகொடுத்ததா? ஆபரேட்டராகச் சேர்ந்தால் புரோகிராம் எழுதும் இடத்துக்கு நகர விடுவார்களா, இல்லை பட்டன் அழுத்துவதோடு நிறுத்திவிடுவார்களா? விண்ணப்பிக்கும் நேரம் நெருங்குகிறது, பார்த்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.